பதினேழாம் கோடு

கப்பலூரில் எடைமேடை வைத்திருக்கிறேன்.
லாரி ஏறும், நிற்கும், இறங்கும்.
இருபது கிலோ பிசகினால்
அன்றிரவு எனக்குத் தூக்கம் கிடையாது.

உரிமத்தில் எழுதியிருப்பது பயிர்ப் பாதுகாப்பு.
சாப்டூர் அடிவாரத்தில் நாலு ஏக்கர் கடலை,
விடிவதற்குள் உழுதுவிட்டுப் போகும் பன்றிகள்.
ஒன்றைக்கூட நான் சுட்டதில்லை.
சத்தமே போதும் அவற்றுக்கு.
எனக்குத்தான் போதவில்லை.

அதனால் ஞாயிறுதோறும் நாகமலைக்குப் பின்னால்
ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும்
காகிதத்தோடு பகை.

குழல் சும்மா இருப்பதில்லை.
தோட்டா உள்ளே ஓடும் அந்த இமைப்பொழுதில்
அறுந்த பல்லிவால் மாதிரி துடிக்கிறது,
கண்ணுக்குத் தெரியாமல்.
துடிப்பு ஒரு பக்கம் போய்த் திரும்பும் முன்
முள் தயங்குமே தராசில்,
அந்தத் தயக்கத்தில் தோட்டா வெளியேறினால்
ஐந்தும் ஒரே துளை.
இப்படித்தான் டாக்டர் செல்வின் சொன்னார்,
மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டே.
சொல்லிவிட்டுத் தன் பழைய வளையத்தை
என் தலையில் கட்டினார், பதினோராயிரத்துக்கு.

குழல்முனையில் மாட்டும் எஃகு வளையம்.
சுற்றிலும் நாற்பது கோடு.
ஒரு கோடு திருகினால் ஒரு சொடக்கு.
ஒவ்வொரு கோட்டுக்கும் ஐந்து தோட்டா,
அளந்து, நோட்டில் எழுதி,
மறுபடி திருகி, மறுபடி ஐந்து.
சாயப்பட்டறை ராமராய் பக்கத்துப் பாயிலிருந்து,
"அந்தக் காசுக்குத் தோட்டா வாங்கிச் சுட்டிருந்தா
இந்நேரம் கை நின்னிருக்கும்யா" என்றார்.
அவர் சுடுவது மொட்டைக் குழலில்.
அவர் காகிதத்தை நான் பார்ப்பதில்லை.

மூன்று மாதம் கழித்துக் கிடைத்தது பதினேழு.
ஐந்து துளையும் ஒரு ரூபாய்க்குள் ஒளிந்துகொண்டன.
வண்டி எண், வீட்டு எண், கல்யாண நாள் எல்லாம்
பதினேழின் சொந்தக்காரர்களாகத் தெரிந்தார்கள்.
சித்திரை வெயில் பாறையில் ஏறியதும்
ரூபாய் அதிரசமாக விரிந்தது.
வெயில்தான் என்றேன், தோட்டா என்றேன்,
காலையில் குடித்த இரண்டாவது காபி என்றேன்.
பதினேழைச் சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம் தேர்தல் வந்தது.
உரிமத் துப்பாக்கியெல்லாம் காவல் நிலையத்துக்கு.
திருமங்கலத்தில் ஒப்படைத்து,
ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து,
வாசல் வரை வந்தவன் திரும்பிப் போய்
"முனையைத் தொட வேண்டாம்" என்றேன்.
யாரும் நிமிரவில்லை.

அறுபத்திரண்டு நாள்.
திரும்ப வாங்கும்போது வளையம் முப்பத்தொன்றில்.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
காவலர் ஒச்சம்மாள் எழுந்தே விட்டாள்.
"நான்தான் சார். தண்ணி பாட்டில் மூடி மாதிரி இருந்துச்சு.
பூத் லிஸ்ட் சொல்லச் சொல்ல
போன்ல பேசிக்கிட்டே திருகிட்டேன்.
டிக்டிக்னு நல்லா இருந்துச்சு.
தப்பா?"

தப்பு என்று சொல்ல
என்னிடம் இருந்தது ஒரு நோட்டுதான்.

அந்த ஞாயிறு காற்று செத்துக் கிடந்தது.
பதினேழுக்குத் திருப்பக் கை போனது.
சரி, கெட்டதைப் பார்த்துவிட்டே திருப்புவோம்.
படுத்தேன். மூச்சை விட்டேன், பாதியில் நிறுத்தினேன்.
ஐந்து.

காகிதம் கைக்கு வந்தபோது
மூன்று தோட்டா மைதானத்திலேயே விழவில்லை என்று நினைத்தேன்.
பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன்.
ஒரே துளை. ஓரம் கொஞ்சம் கிழிந்து,
குளவி குடைந்தது போல.

ராமராய் எட்டிப் பார்த்தார்.
"பதினேழா?"
"ம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்து
தேதி போட்டேன், வெப்பம் போட்டேன்.
முப்பத்தொன்று என்று எழுதி,
எதனால் என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனா நின்றது.
பூத் லிஸ்ட் என்று எழுதினேன்.
அடிக்கவில்லை.

மறுநாள் காலை முதல் லாரி,
செங்கல் லோடு. மேடையில் ஏறியது.
எண்கள் ஓடி, ஆடி, நிற்கப் போயின.
டிரைவர் கையை நீட்டிவிட்டான் சீட்டுக்கு.
இரு என்றேன்.
நின்ற பிறகும்
இன்னும் கொஞ்சம் இரு என்றேன்.