பைக்கு இருபது சதம்

ஞாயிறு காலை பத்தேகாலுக்குக்
கைபேசியில் பரராசசிங்கம் அண்ணை:
"தங்கச்சி, ஒரு சின்ன வேலை."

சின்ன வேலைக்கு எட்டுப் பக்கம்.
இடியப்பத்தில் ஆவி பறக்க வேண்டும்,
பறக்கிற ஆவி அசையவும் வேண்டும்.
கொத்து ரொட்டிப் படத்தைத் தொட்டால்
தகடு அடிக்கிற சத்தம் கேட்க வேண்டும்.
"பிறகு, பெண்டில் ஹில் என்று தேடினா
எங்கட கடைதான் முதல்ல வரவேணும், என்ன?"

தொகை என் தொண்டைவரை வந்து நின்றது.
அவரே தொடங்கினார்:
"காசைப் பற்றி யோசியாதேங்கோ."
ஒரு மூச்சு அளவுக்கு மகிழ்ந்தேன்.
"கீழே உங்கட பெயரைச் சின்னனாய்ப் போடுங்கோ.
சிட்னி முழுக்கப் பாக்கும்.
வீட்டில சும்மாதானே இருக்கிறியள்,
சும்மா ஒருக்காச் செய்து விடுங்கோ."

இரண்டு சும்மாவுக்கும் நடுவில்
ஒன்பது இரவுகள்.
ஜூலைக் குளிர்.
மின்கட்டணத்துக்குப் பயந்து ஹீட்டரை அணைத்து
மடிக்கணினியின் வயிற்றுச் சூட்டில்
விரல்களை மாற்றி மாற்றி வைத்துத் தட்டினேன்.
ஆவி அசைந்தது.
தகடு அடித்தது.
மேல் மாடிக்காரர் கதவைத் தட்டி
இந்த நேரத்தில் என்ன சமையல் என்றார்.

பெயரைப் பார்த்து ஆள் வந்தது உண்மைதான்.
கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர்.
"பராவுக்குச் சும்மா செய்தனீங்களாம்?"

சனிக்கிழமை அவர் கடைக்குப் போனேன்.
பன்னிரண்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ்,
ஒரு பார்சல் புட்டு.
"இவதான் எங்கட வெப்சைட் பிள்ளை" என்று
உள்ளே இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.
மாவு அப்பிய கைகள் அசைந்தன.
நானும் கை அசைத்தேன்.
"ஐம்பத்தொரு டொலர் நாற்பது."
அட்டையை எடுக்கும்போது கேட்டார்:
"பை வேணுமோ? பைக்கு இருபது சதம்."

அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.
கோபம் வருமென்று காத்துப் பார்த்தேன்,
வரவில்லை.
அந்த இருபதை அவர் சொன்ன விதத்தை மட்டும்
ரயில் வரும்வரை
வாய்க்குள் போட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
இருபது சதம்.
இருபது சதம்.
பக்கத்து இருக்கைப் பெண்
சில்லறை எடுத்து நீட்டினாள்.

இதோடு முடித்திருந்தால்
நான் நல்லவள்.
அன்றிரவே துவாரகிக்கு எழுதினேன்,
படம் வரைகிற பிள்ளை,
பல்கலைக்கழகம் இரண்டாம் ஆண்டு:
"எனக்கு ஒரு லோகோ வேணும்.
மூன்று விதமாய்ப் போட்டுக் காட்டும்,
பிடித்தால் பார்ப்போம்.
உமக்கும் ஒரு அனுபவம்தானே."
அனுப்பிவிட்டு, தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து
திரும்ப வாசித்தபோது
அந்த எழுத்துகள்
பரராசசிங்கம் அண்ணையின் குரலில் கதைத்தன.

அவள் பதில் நான்கு நிமிடத்தில் வந்தது.
"ஒன்றுக்கு நூற்றிருபது, அக்கா.
பாதி முன்பணம்."
ஒரு சிரிப்புப் பொம்மைகூட வைக்கவில்லை.
கன்னம் சுட்டது,
ஹீட்டர் அணைந்துதான் இருந்தது.
ஒன்று போதும் என்று எழுதி
அறுபது அனுப்பினேன்.

பிறகு ஒரு புதுத் தாளைத் திறந்தேன்.
பரா கேட்டரிங். எட்டுப் பக்கம்.
அசைகிற ஆவி, தனியாக.
தொகையைப் போட்டு, பயந்து, குறைத்து,
ரோல்ஸ் ஒன்றைக் கடித்து,
பழைய தொகையையே திரும்பப் போட்டேன்.
பதினான்கு நாளுக்குள் என்ற வரியை
இரண்டு முறை அழித்தேன்,
மூன்றாம் முறை விட்டுவிட்டேன்.
கீழே,
அவர் சொன்னபடியே சின்னனாய்,
என் பெயர்.

செவ்வாய் அவரிடமிருந்து வந்தது:
"தங்கச்சி, ரோல்ஸ் எப்பிடி?"

நல்லா இருந்தது அண்ணை,
கொஞ்சம் உறைப்புக் கூட, என்று எழுதிவிட்டு
நாட்காட்டியைப் பார்த்தேன்.
இன்னும் பதினொன்று.