கேட் அடைத்த நேரம்

மேனேஜருக்கு அரிப்பு.
நாய்தான். முப்பது வருஷம் வங்கியில் குமாஸ்தா நான்;
ஒரு மேனேஜராவது சொன்னால் உட்காரட்டுமே என்று
ஓய்வுபெற்ற மறுநாள் வைத்த பெயர்.
வயிற்றில் முடி இல்லை. வாலடியில் புண்.
இரவெல்லாம் கால்நகம்
சிமெண்டுத் தரையில் தட்டச்சு செய்கிறது.

சிங்கப்பூரிலிருந்து மகள் அனுப்பும் பாக்கெட்டின் மேல்
துள்ளும் மீன். உள்ளே
பழுப்புச் சக்கரங்கள், எல்லாம் ஒரே அளவு.
மன்னார்குடி கால்நடை டாக்டர்
ஒன்றை நசுக்கி மோந்து பார்த்தார்.
"கொஞ்ச நாள் இதை நிறுத்திப் பாருங்க.
கோழிக் கழுத்து, ஈரல், பச்சையா.
எலும்பை மட்டும் வேகவைக்காதீங்க, சிலும்பாகிக் குத்தும்."
பிறகு என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து,
"யாரையாவது வாங்கச் சொல்லுங்க."

யாரை?
மங்களாம்பாள் கொல்லைக் குழாயடியில்
ஒரு தட்டும் கத்தியும் ஒதுக்கினாள்.
கத்திப் பிடியில் சிவப்பு நூல் கட்டினாள்.
அதற்குமேல் பேச்சில்லை.

காஜா மைதீன் கடை, காலை ஆறு மணி.
எனக்குக் கேட்கத் தெரியவில்லை.
"வீட்ல எத்தனை பேரு சார்?"
"ஒருத்தர். மேனேஜர்."

பூனைக்கு இந்தத் தொல்லையே இல்லை.
குறுவை அறுப்பு தொடங்கினால்
பத்து நாள் வீட்டுப் பக்கம் வரமாட்டாள்.
வந்தால் மீசையில் வைக்கோல், வயிறு நெல்மூட்டை.
எலிகளைப் பற்றி
அவள் யாரிடமும் ஆலோசனை கேட்டதில்லை.

அன்று நீடாமங்கலம் கேட்டை அடைத்துவிட்டார்கள்.
சரக்கு ரயில். முடிவே இல்லாத பெட்டிகள்.
பக்கத்தில் ஸ்கூட்டரில் சட்டைநாதன்,
பிரதோஷத்துக்கு எனக்கு முன்வரிசையில் நிற்பவர்.
"பையில என்ன?"
"கத்திரிக்காய்."
இருவரும் குனிந்து பார்த்தோம்.
கத்திரிக்காய் சொட்டிக்கொண்டிருந்தது
என் செருப்பின் மேல்.
இருபத்தெட்டாவது பெட்டி. இருபத்தொன்பது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கேட் ஏறியதும் முந்திக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த பிரதோஷம். சுண்டல் தொன்னையோடு நெருங்கி வந்தவர்
நந்திக்குக் கேட்காத குரலில்,
"கழுத்தா, ஈரலா?
எங்க வீட்டுப் பூனைக்கும் முடி கொட்டுது."

புரட்டாசி. ஊரே விரதம், காஜா கடையில்
நானும் சட்டைநாதனும் மட்டும்.
மேனேஜர் வயிற்றில்
நாற்றங்கால் பச்சை பிடித்த மாதிரி மென்முடி.
தட்டச்சு ஓய்ந்துவிட்டது.

கொல்லையில் அவன் கழுத்தெலும்பு கடிக்கும் சத்தம்,
மடக், மடக்.
உள்ளே நான்
சர்க்கரைக்கு எழுதிக்கொடுத்த டப்பா ஓட்ஸில்
வெந்நீர் ஊற்றுகிறேன்.
எல்லாம் ஒரே அளவு.