பனிக்கட்டிக்கு ஒரு வரி

ஒகோட்ஸ்க் கடலோரம்,
சிப்பி வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் மாடியறை.
மண்ணெண்ணெய் அடுப்பு முணுமுணுக்கிறது.
லிட்டர் என்ன விலையென்று எனக்குத் தெரியும்.
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில்
இன்னும் இல்லாத ஒன்றை
விற்க வந்தவன் நான்.

சூரியன் பில் அனுப்பாது, என்று தொடங்கினேன்.
யாரும் சிரிக்கவில்லை.
அங்கே மேகமில்லை, மழையில்லை.
வருடத்தில் சில நாட்கள் பூமியின் நிழலில்
ஒரு மணி நேரம் கண்ணயர்வது தவிர
அந்தத் தகடுகளுக்கு இரவென்பதே இல்லை.

"வட்டிக்கு?" என்றார் நுமாதா கிவாகோ,
சங்கத்தின் காசாளர்.
கட்டி முடிக்க ஒன்பது வருடம்.
முதல் யூனிட் இறங்கி வருவதற்குள்
கடன் ஒன்றரை மடங்கு.
இரவில்லாத இடத்தில்
இரண்டு பேர் விழித்திருக்கிறார்கள்:
சூரியன் ஒருவன்,
வட்டி இன்னொருவன்.

மேலே நூறு புறப்பட்டால்
நுண்ணலையாவதில் கொஞ்சம் போகும்,
காற்றில் கொஞ்சம்,
கீழே விரித்த கம்பிவலையில் சிக்காமல் கொஞ்சம்.
உங்கள் குளிர்கிடங்கைத் தொடுவது ஐம்பது.
"சிப்பியும் அப்படித்தான்," என்றார் பின்னாலிருந்து ஒருவர்,
"ஓட்டோடு நிறுத்தா தின்கிறோம்?"
அந்த உவமையை வாங்கிக்கொண்டேன், விலையில்லாமல்.

ஒரு கிலோவை மேலேற்ற என்ன கூலி?
என் தாளில் எல்லா எண்ணும் மையில்.
அது மட்டும் பென்சிலில்.
கிவாகோவின் விரல்
நேராக அங்கேதான் போய் நின்றது.

பகலில் எங்களுக்கு வேண்டாம், என்றார்.
ஊரெல்லாம் கூரைத் தகடு;
நண்பகல் மின்சாரம் கேட்பாரற்றுக் கிடக்கிறது.
பிப்ரவரி, மாலை ஐந்து மணி,
காற்றாலை அசையாத நாள்,
அந்த ஒரு மணி நேரத்துக்கு
எவ்வளவு?
சொன்னேன்.
முதன்முறையாக நாற்காலிகள்
என் பக்கம் கிறீச்சிட்டன.

வரைபடத்தை விரித்தேன்.
நிலநடுக்கோட்டுக்கு மேலிருந்து சாய்ந்து வரும் கதிர்;
வடக்கே வர வர வட்டம் நீண்டு முட்டையாகும்,
குத்தகையும் நீளும்.
விரிகுடாவில் பாதி அந்த முட்டைக்குள்.
வலைக்கு அடியில் வெயில் விழும், மழை விழும்,
சிப்பி தொங்கவிடலாம், என்றேன்.

அவர் சன்னலைத் திறந்தார்.
அடிவானம்வரை வெள்ளை.
மிதந்து வந்த பனிக்கட்டிகள்
ஒன்றன்மேல் ஒன்று ஏறி,
பல்லைக் கடிப்பதுபோல் ஒலி.
"இது எந்த வரியில்?"

இருநூற்றுப் பதினான்கு வரிகள்.
சூரியப் புயலுக்கு உண்டு.
விண்குப்பைக்கு உண்டு.
மேலே பழுதுபார்க்கும் இயந்திரம் பழுதானால், அதற்கும் உண்டு.
ஆகாயத்துக்கெல்லாம் காப்பீடு எடுத்தவன்
கடலைப் படமாகத்தான் பார்த்திருந்தேன்.

என் தாளின் அடியில்
அவரே எழுதினார்: 215. பனிக்கட்டி.
தொகை எழுதவில்லை.
அரசு போடாத வரி அது,
வருடா வருடம் வடக்கிலிருந்து வந்து வசூலிப்பது.

இரவு, விடுதியில்,
தூண்களைத் தடிப்பாக்கினேன், வலையை உயர்த்தினேன்.
யூனிட்டுக்கு மூன்று யென் நாற்பது சென் ஏறியது.
ஐந்து மணி விலைக்கு
இன்னும் ஒரு மயிரிழை கீழேதான்,
அந்தக் கூலி மட்டும் இறங்கினால்.

வெளியே பனிக்கட்டி அரைத்துக்கொண்டிருந்தது.
மேலே, யாரும் தகடு விரிக்காத இடத்தில்,
விலை கேட்க ஆளில்லாமல்
வெயில் கடந்துகொண்டிருந்தது.
பென்சில் எண்ணை அழித்தேன்.
வேறொன்று எழுதினேன்,
பென்சிலாலேயே.