வெளியூர் கோல்

செப்டம்பரில் முதல் ஆட்டம் வந்தபோது
லாட்ஜில் ஒரு அறைகூட காலியில்லை.
ராத்திரி பன்னிரண்டரைக்கு
ரிசப்ஷன் டிவியைப் போட முடியுமா என்று இறங்கி வந்தவர்
பதினாலாம் நம்பர் நிகில் மண்டல். மால்டாக்காரர்.
கக்கத்தில் தம்பியின் ஸ்கேன் கவர்.
சத்தம் வைக்கக்கூடாது என்றேன்.
சத்தம் எதற்கு என்றார் இந்தியில்.
என் இந்தியும் அவர் இந்தியும்
ஒரே கடையில் எடுத்த கிழிசல்.

அடுத்த வாரம் ஏழாம் நம்பரும் வந்து உட்கார்ந்தார்.
பாரிசால் ரஃபீகுல்.
மனைவி மூன்றாவது மாடி வார்டில்.
மண்டலுக்குப் பச்சைப் பட்டைச் சட்டை அணி,
இவருக்கு மஞ்சள்.
எனக்கு எந்த அணி என்று கேட்டார்கள்.
எது சீக்கிரம் முடிக்குமோ அது.

அக்டோபர் கடைசியில் ஐரோப்பாக்காரர்கள்
கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பினார்கள்.
பன்னிரண்டரை ஒன்றரை ஆயிற்று.
யாரைக் கேட்டுத் திருப்பினார்கள் என்று
கரண்ட் பில்லோடு நின்றார் எங்கள் ஓனர்.

டிசம்பரில் புயல் மழை, பாபுராவ் தெருவில் கணுக்கால் தண்ணீர்.
வாடகை கார்டின் பின்பக்கம் மண்டல் கோடு போட்டார்:
முப்பத்தாறு அணி, ஒரே பட்டியல்.
பக்கத்திலேயே தம்பியின் தட்டணு எண்ணிக்கை,
அதே பேனா, அதே கூட்டல்.
கடைசிப் பன்னிரண்டு பேர் வீட்டுக்குப் போவார்கள் என்று விளக்கினார்.
வீட்டுக்குப் போவது தோல்வி என்பது
அந்த ஊரில்தான், என்றார் ரஃபீகுல்.
யாரும் சிரிக்கவில்லை.
கெட்டிலில் தண்ணீர் கொதித்தது.

பிப்ரவரியிலிருந்து இரண்டு ஆட்டம், ஒரே கணக்கு.
ஒன்று சொந்த மைதானத்தில், ஒன்று எதிராளி ஊரில்.
முன்பெல்லாம் கணக்கு சமமானால்
வெளியூரில் போட்ட கோலுக்கு மதிப்பு கூட.
தெரியாத புல், தெரியாத கூச்சல்,
அங்கே போட்டால் சும்மாவா?
இப்போது எடுத்துவிட்டார்கள்.
ஏன் எடுத்தார்கள் என்று கேட்டேன்.
மண்டல் சாலைக்கு எதிரே
ஆஸ்பத்திரி ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் பச்சைப் பட்டை
சொந்த ஊரிலேயே மூன்று வாங்கியது.
இரண்டாம் ஆட்டத்தன்று தம்பிக்கு ஜுரம் நூற்று மூன்று.
நீ பார், கோல் விழுந்தால் அனுப்பு, என்று
செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.
பார்த்தேன்.
ஆறு மாதத்தில் முதல்முறையாக உட்காராமல் பார்த்தேன்.
ஒன்று, என்று அனுப்பினேன்.
இரண்டு, என்று அனுப்பினேன்.
மூன்றைத் தட்டெழுதி வைத்துக்கொண்டு
விரலை எடுக்காமல் நின்றேன்.
பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது.
விசில்.
மூன்றை அழித்தேன்.
நாலரை மணிக்கு அவரிடமிருந்து:
ஜுரம் இறங்கிவிட்டது.
ஸ்கோர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஏப்ரலில் மஞ்சள் அணி அரையிறுதிக்குப் போனது.
அந்த வாரம் ஏழாம் நம்பர் காலி.
எப்படிக் காலி என்று எழுத
ரிஜிஸ்டரில் கட்டம் கிடையாது.
போலீசுக்கு வெளிநாட்டார் படிவத்தில்
புறப்பட்ட தேதி மட்டும் போட்டேன், ஒருவர் என்று.
வாடகை குக்கரைத் தேய்த்து
கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மே முதல் வாரம் காட்பாடியில்
பதினாலாம் நம்பரை ரயில் ஏற்றினேன்.
தம்பி முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் கும்பிட்டான்.
கோல்கீப்பராம். உள்ளங்கை மட்டும் இளைக்கவில்லை.

இறுதி ஆட்டம். அக்கினி முடிந்தும்
கோட்டை மதில் ராத்திரியெல்லாம் அனல் கக்கியது.
இரண்டு அணிக்கும் அது வெளியூர்.
மஞ்சளும் இல்லை, பச்சைப் பட்டையும் இல்லை.
தூங்கப் போயிருக்கலாம்.
இருபதாவது நிமிஷம் போன் அதிர்ந்தது.
தாதா, இங்கே கரண்ட் இல்லை, என்றார் மண்டல்.
பின்னால் தம்பியின் குரல் அவரை அவசரப்படுத்தியது.
போனை டிவி பக்கத்தில் வை.
சத்தம் வை.

ரிமோட்டில் அந்தப் பொத்தான் எங்கே என்று
தேட வேண்டியிருந்தது.
மேலே யாரோ கதவைத் திறந்து,
படியில் வெறுங்கால்கள்.
திட்டத்தான் வருகிறார் என்று திரும்பினேன்.
இரண்டாம் நம்பர், நேற்று வந்தவர், பெயர் இன்னும் மனதில் நிற்கவில்லை.
எத்தனை, என்றார்.