பொய்ச் சன்னல்

ஓலொமோட்ஸ், கீழ்ச் சதுக்கம்.
மூன்றாம் மாடி உயரச் சாரத்தில் நின்று
சுரண்டுகிறேன்.
சாம்பல், அதன் கீழ் காவி,
அதற்கும் கீழ் வெண்ணெய் நிறம்:
ஆட்சிக்கொரு பூச்சு.

உப்பு விற்றுக் கொழுத்த மாத்தியாஷ் ஹவ்ரான்
ஒடுங்கிய இரண்டு பழைய வீடுகளை வாங்கி
ஒரே முகத்தை மாட்டினான்.
வாசலில் இரு கல் மல்லர்கள்
பிடரியில் பால்கனி சுமக்கிறார்கள்.
இடப்பக்கத்தவனுக்கு மூக்கில்லை,
முறைப்பு மட்டும் மிச்சம்.

முகப்புக்கு ஐந்து சன்னல் வேண்டும்.
நடுவில் பழைய பொதுச்சுவர்.
கொத்தனார் கைவிரிக்க, ஓவியன் ஏறினான்.
சட்டம், கண்ணாடி, கொக்கி,
சுதையில் விழும்
கொக்கியின் நிழல்கூட.

போர் முடிகிற வாரம் பாலம் வெடித்தது.
வீதி முழுக்கக் கண்ணாடி பொடிப்பொடி.
இதில் ஒரு கீறல் இல்லை.

பக்கத்து நிஜச் சன்னலில்
திரஹோமீரா காப்பி நீட்டுகிறாள்.
"திறந்த மாதிரி வரைந்துவிடேன்,
அடுப்படிப் புகையாவது போகும்."

அலுவலகத் தாளில் தெளிவாக இருக்கிறது:
மூடியது மூடியபடியே.
சரி.
சட்டத்துக்குப் பச்சை, கண்ணாடிக்கு ஈய நீலம்.

கொக்கியை மட்டும்
வளையத்திலிருந்து
ஒரு நூல் விலக்கி வைத்தேன்.