சிவப்பு விளக்கில் பத்தொன்பது நிமிடம்

ஹால்பெக் ஜங்ஷனில் ஏழாம் நடைமேடை என்றார்கள்.
ஓடினோம்.
பிறகு மூன்று என்றார்கள்.
நோரீனின் முழங்காலுக்குப் படிகள் ஆகாது.
லிஃப்ட் கதவில் மன்னிப்புக் கேட்கும் தாளொன்று
பிப்ரவரியிலிருந்து தொங்குகிறது.
இது நவம்பர்.

நான்கு பெட்டியோடு வரவேண்டிய ரயில்
கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி
இரண்டோடு வந்தது.
ஓட்டுநர் இருந்தார், கார்டு இல்லை.
கார்டு வந்தபோது ஓட்டுநரின் வேலைநேரம் முடிந்திருந்தது.
வருந்துகிறோம் என்றது ஒலிபெருக்கி.
என்றைக்கோ பதிவுசெய்த வருத்தம்;
ரயிலின் நேரத்தைச் சொல்லுமிடத்தில் மட்டும்
ஒட்டுப்போட்ட சட்டைபோல் குரல் நிறம் மாறும்.

நாங்கள் மூன்று பேர்.
முப்பது வருடம் தபால் கொடுத்த நோரீன்,
கார் கழுவும் டாரியுஷ்,
பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டு அடுக்கும் நான்.
எங்கள் அணி ஆஸ்கிபி டவுன்,
ஆறாம் பிரிவில் இருபத்திரண்டாம் இடம்.
இருப்பதே இருபத்துநான்கு.
வெளியூரில் கோல் அடித்து எட்டு வாரம் ஆகிறது.
வலிக்கவில்லையா என்று கேட்டால்
டாரியுஷ் சொல்வான்:
இது பல்வலி இல்லை, வாடகை.

ஆட்டம் ஏழே முக்காலுக்கு.
ஏழரைக்கு ஒரு முட்டைக்கோஸ் வயலில் நின்றோம்.
எட்டு மணிக்கு இன்னொரு முட்டைக்கோஸ் வயல்.
ஜன்னலில் எங்கள் மூன்று முகம்,
அவற்றின் ஊடே போர்வை போர்த்திய ஒரு குதிரை.
நோரீன் சீசன் டிக்கெட் அட்டையால்
சாண்ட்விச்சை மூன்றாக வெட்டினாள்.
அதற்காவது அது உதவட்டும் என்றாள்.

பிறகு ஒரு மேட்டில் ஏறி
மறுபடி நின்றது.
திட்டுவதற்கு வாயைத் திறந்த டாரியுஷ்
கண்ணாடியில் கையைக் குவித்து,
"அதோ" என்றான்.

கீழே மீன் கிடங்குகளுக்கு அப்பால்
நான்கு கம்பங்களின் வெளிச்சம்.
தகரக் கூரைக்கும் டயர் கடை விளம்பரத்துக்கும் நடுவில்
மைதானத்தின் ஒரு மூலை:
ஒரு கார்னர் கொடி,
பாய் விரிக்கும் அளவு புல்,
கொட்டாவி விடும் லைன்ஸ்மேன்.

எங்களுக்குக் கிடைத்த ஆட்டம் அவ்வளவுதான்.
ஒருமுறை எங்கள் லெஃப்ட் பேக் ஆஸ்வின்
பந்தைத் தேடி அங்கே வந்தான்,
முதுகெல்லாம் சேறு.
நோரீன் கண்ணாடியைத் தட்டினாள்,
அவன் திரும்பிவிடுவான் என்பதுபோல.
எதிர் இருக்கையில் மடிக்கணினி வைத்திருந்தவர்
அதை மூடிவிட்டு வந்து,
"நாம் எந்த நிறம்?" என்று கேட்டார்.
நாம் மஞ்சள் என்றேன்.

இந்த ரயில் நகர்ந்துவிடக் கூடாதே என்று
ஆயுளில் முதல் தடவையாக வேண்டினேன்.

அப்போது
எங்களுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து,
மூடவராத மேல்ஜன்னல் வழியாக
ஒரு சத்தம் வந்தது.
சின்னச் சத்தம்.
பெக்லிக்காரர்கள் எண்ணூறு பேர்,
அவர்கள் கோல் என்றால் தகரம் அதிரும்.
இது முப்பது பேர் சத்தம்,
அதிலும் ஒருவருக்கு இருமல்.
"நம்மளது" என்றாள் நோரீன்.
மடிக்கணினிக்காரர் என்னைக் கட்டிக்கொண்டார்.

விளக்கு பச்சையானது.
இழந்த நேரத்தை ஈடுகட்டுவதற்காக
இந்த ரயில் பெக்லியில் நிற்காது
என்று அறிவித்தார்கள்.

அடுத்த ஊரில் இறங்கி, டாக்ஸி பிடித்து,
முழுக் கட்டணமும் கொடுத்து
எழுபத்தொன்றாம் நிமிடம் உள்ளே போனோம்.
அப்போது மூன்றுக்கு ஒன்று.
கடைசியில் ஐந்துக்கு ஒன்று.
கோல் எப்படி இருந்தது என்று
இருமல்காரரிடம் கேட்டேன்.
யாருடைய பிட்டத்திலோ பட்டது, சரியாகப் பார்க்கவில்லை என்றார்.

தாமதத்துக்குப் பணம் கேட்கும் படிவத்தை
திரும்பும் ரயிலிலேயே நிரப்பினோம்.
பயணத்தின் நோக்கம்: பணியா, பொழுதுபோக்கா?
டாரியுஷ் நெடுநேரம் யோசித்தான்.

மேடு வருகிறதென்று தெரிந்ததும்
மூவரும் எழுந்து ஜன்னல் பக்கம் போனோம்.
விளக்குகளை அணைத்திருந்தார்கள்.
ரயில் சரியான நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.