குறுக்கே ஒரு கோடு

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்
மதம் என்ற கேள்விக்கு
‘இல்லை’ என்று எழுதியவன் நான்.
எஸ்டோனியாவில் இது பெரிய விஷயமில்லை.
கடவுளைப் பற்றிக் கேட்டால்
பனி எப்போது உருகும் என்று பதில் வரும்.

பதினோரு ஆண்டுகளாகப் பிண ஊர்தி ஓட்டுகிறேன்.
உளி மட்டும் யாரும் கொண்டுவர மாட்டார்கள்,
இதில் நான் கற்றது அவ்வளவுதான்.
அதனால் என் இருக்கைக்கு அடியில் ஒன்று கிடக்கிறது.
கம்பெனிக் கணக்கில் அது
இதர செலவு.

அன்று மைனஸ் பதினான்கு.
பின்னால் லெயிடா படுத்திருந்தாள்,
பால் பண்ணையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவள்.
பாதிரியார் வேண்டும், வேண்டாம் என்று
அக்காவும் தம்பியும் மூன்று நாள் போனில் மல்லுக்கட்டி
கடைசியில் கூலிக்கு ஒரு பேச்சாளரைப் பிடித்தார்கள்.
காகிதத்தைப் பார்த்து ஒரு வாழ்க்கையை வாசித்தார்.
ஏழு நிமிடம்.
நாயின் பெயரை மட்டும் தவறாகச் சொன்னார்.
அங்கேதான் இந்த்ரெக் அழுதான்.

கல்லறைக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில்
பின்னால் வந்த கார்
விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது.
நிறுத்தினேன்.

சாலைக்கு வலப்பக்கம் காடு இல்லை.
போன மார்ச்சில் மொட்டையடித்துவிட்டார்கள்.
இடப்பக்கத்துப் பைன்களை இயந்திரம் தொடவில்லை.
‘வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கு’
என்றான் இயந்திரக்கார ஆர்வெத்.
அப்படி ஒரு கோடே கிடையாது,
குடித்த ஒருநாள் அவனே சொன்னான்.

அந்த மரங்களின் மார்பில் சிலுவைகள்.
பழையவற்றைப் பட்டை மூடித் தழும்பாக்கிவிட்டது.
புதியவற்றில் பிசின் காயவில்லை.
புதைத்தவர் ராத்திரி எழுந்து வீட்டுக்கு நடப்பாராம்.
வழியில் தன் சிலுவையைக் கண்டதும்
அடடா, நான் செத்துப்போனேனே என்று
ஞாபகம் வந்து திரும்பிவிடுவாராம்.
பேச்சுவாக்கில் சொன்னால் சிரிப்பு வரும்.
கையில் உளியோடு யாரும் சிரித்து
நான் பார்த்ததில்லை.

இந்த்ரெக் தார்த்துவில் மென்பொருள் சோதிக்கிறவன்,
சுத்தியல் பிடித்த கை இல்லை.
தன் நெற்றி உயரத்தில் தொடங்கினான்.
ஒரு அடி மரத்தில், ஒரு அடி விரலில்.

ஆன்னெலி காரைவிட்டு இறங்கவில்லை.
பின்லாந்தில், ஏரியில் முழுகி
ஞானஸ்நானம் வாங்கியவள்.
காலையிலேயே சொல்லிவிட்டாள்:
இது வேதத்தில் எங்கேயும் இல்லை,
பேய்க்குப் பயந்தவர்கள்
சிலுவையை இரவல் வாங்கிச் செய்த வேலை.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.
கண்ணாடி மூச்சில் வெளுத்தது.
உள்ளிருந்து ஒரு விரல்
கண்ணளவு துடைத்தது.

நெடுங்கோடு முடிந்து
குறுக்குக் கோட்டுக்கு அவன் உளியை வைத்தபோது
கதவு திறந்தது.

‘இவ்வளவு மேலேயா?
அம்மா குள்ளம்டா.
இருட்டில் அண்ணாந்தா பார்ப்பாள்?’

அவன் திரும்பினான்.
சொன்னது யார் என்று தேடுகிறவள்போல
அவளும் நின்றாள்.

பிறகு இந்த்ரெக் பனியில் மண்டியிட்டான்,
வேறெதற்கும் இல்லை,
உயரம் அப்போதுதான் சரியாக வந்தது.
அவள் கையுறையைக் கழற்றிவிட்டு
வெறும் உள்ளங்கையை மரத்தில் வைத்தாள்.
அம்மாவின் கண் இங்கே.
நேராக வெட்டு. இன்னும் ஆழமாக.
இன்னும்.

மேலே பாதியில் விட்ட நெடுங்கோடு
இப்போதும் அப்படியே இருக்கிறது.
வாரம் இரண்டு தடவை அதைக் கடக்கிறேன்.
அதற்கு என்ன பெயர் என்று தெரியாது.
வேகத்தைக் குறைப்பேன்,
என் பயணிகளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அன்று உளியைத் திருப்பித் தந்து
‘எவ்வளவு?’ என்று கேட்டான்.
பில்லில் வராது என்றேன்.
கைப்பிடி முழுக்கப் பிசின்.
கல்லறை வாசல் வரைக்கும்
ஸ்டியரிங்கில் என் கை
ஒட்டி ஒட்டி வந்தது.